தர முடியாது

தள்ளியும் திறக்காத வகுப்பறைக் கதவின் முன் அதிகாரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"டீச்சர், கதவைத் திறங்க. டேப்லெட்டை எல்லாம் திருப்பி வாங்கச் சொல்லி உத்தரவு."

"தர முடியாது." ஏற்ற இறக்கமில்லாத பெண்குரல்.

"பேச வராத பிள்ளைங்களுக்கு எழுத்து எங்க வரப்போகுது? கேம்தான் ஆடுதுங்க."

பதில் மெதுவாகத்தான் வந்தது. "வந்து பார்த்தீங்களா?"

"எதிர்த்தா பேசுறீங்க? வேலை போயிடும் டீச்சர்."

"என்னையா சார் கூப்பிட்டீங்க?" கழிப்பறைக்குக் கூட்டிப்போன குழந்தையுடன் பின்னால் வந்து நின்றார் டீச்சர்.

"அப்ப உள்ள யாரு?"

"வழி விடு கண்ணு," என்றார் டீச்சர். கதவை அடைத்து நின்ற சக்கர நாற்காலி நகர்ந்தது. அதில் எட்டு வயதுச் சிறுமி, மடியில் டேப்லெட்.

"இவளுக்குப் பேச்சு வராது சார். இவ எழுதுறதை அது படிக்கும்."

சிறுமியின் ஒற்றை விரல் எழுத்தெழுத்தாகத் தட்டியது. டேப்லெட் பேசியது:

"உத்தரவைக் காட்டுங்க. படிச்சுப் பார்க்கிறேன்."