ஹரிஷ்குமாரின் கறுப்புச் சிறுகோள்

“சார், அறிக்கையில என் பேரும் வரணும்.”

வேலையைப் பார், பேரும் புகழும் கேட்காதே என்று சொல்லித்தான் பொம்மனஹள்ளியிலிருந்து அப்பா தினமும் என்னை பஸ் ஏற்றுவார்.

விஞ்ஞானி ஹரிஷ்குமார் சிரித்தார். “எதுக்கும்மா?”

“தொலைநோக்கிப் படத்தையெல்லாம் சரிபண்ணிக் கொடுத்தது நான்தானே?”

“சிறுகோளைக் கண்டுபிடிச்சது நான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல, பாரு! கரி மாதிரி கறுப்பு. எந்தப் படத்தைத் திறந்தாலும் அதே இடத்துல நிக்குது!”

அவருடைய கணினித் திரையை உற்றுப் பார்த்தேன்.

“நிருபருங்க வந்தாச்சு. போய்க் கூப்பிடு.”

“சரி சார். உங்க பேர் மட்டுமே இருக்கட்டும்.”

நேற்று ஆயுதபூஜையில், அலுவலகம் கூட்டும் மமதாக்கா எல்லாத் திரைக்கும் கண்மையால் திருஷ்டிப்பொட்டு வைத்தார். என்னுடையதைக் காலையிலேயே துடைத்துவிட்டேன்.

அவருடையதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை என்று முடிவெடுத்து, நிருபர்களை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நடந்தேன்.