வொலே-வொலே வந்தாச்சு

இபாதான் நகரில் சுத்தம் என்ற சொல்லுக்கே உயிர் கொடுத்தவர் ஒகுந்திரான். அப்படிச் சொன்னவரும் அவரேதான். மழை பிடித்ததிலிருந்து அவர் வீட்டுச் சாக்கடையில் தவளைகள் குடித்தனம் நடத்தின.

வாசலில் ஒருவர் குனிந்து அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லான்ரே அப்பா! வொலே-வொலே வந்தாச்சு!" என்று மனைவி அலறினாள். வீடு புகுந்து அழுக்கைப் பார்த்துக் கோர்ட்டுக்கு இழுக்கும் சுகாதார ஆய்வாளருக்குத் தெருவில் அதுதான் பெயர்.

"போச்சு! நாளைக்கு வீட்டுக்காரங்க சங்கத் தேர்தல். கோர்ட்ல நின்னவனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்?"

சங்கத் தலைவர் பதவிக்கான வேட்பாளர் அங்கியைச் சுருட்டிக்கொண்டு சாக்கடையில் இறங்கிச் சேற்றை அள்ளினார்.

"உள்ளயும் கொஞ்சம் பாத்துக்கலாமா, பாபா?" என்றார் வந்தவர்.

"தாராளமா!"

வந்தவர் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒகுந்திரான் அந்த டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்தார். வந்தவர் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். ஒகுந்திரான் தவழ்ந்துபோய்ப் பெருக்கினார்.

"உங்கள மாதிரி சுத்தக்காரர நான் பார்த்ததே இல்ல."

உச்சி குளிர்ந்துபோன ஒகுந்திரான், "ஐயாவுக்கு அமலா களியும் கோழிக் குழம்பும் போடு" என்றார்.

"அந்தக் கோழியவா?" என்று மனைவி இழுத்தாள்.

"வேற என்ன இருக்கு? போடுடி!"

வந்தவர் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார்.

"அப்ப ரிப்போர்ட்ல நம்ம பேரு வராதுல்ல?"

"என்ன ரிப்போர்ட்? நான் பின்தெரு தையக்காரன். காலைல மழைக்கு என் சிவப்புக் கோழி இங்க ஒதுங்குச்சாம். அதத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

சிவப்புக் கோழியின் ஒரு கால் மட்டும் அவர் தட்டில் மீதி இருந்தது.