படத்தில் வழி இல்லை

"அடுப்பே, படத்துல வழி ஏதாவது தெரியுதான்னு அந்த ஆளைக் கேளு" என்றான் மினிக், நடுவில் எரிந்துகொண்டிருந்த மண்ணெண்ணெய் அடுப்பைப் பார்த்து.

அந்த ஆள் எதிரேதான் உட்கார்ந்திருந்தான். பெயர் ஈனோக், மினிக்கின் தங்கை நவரானாவின் புருஷன். மீன்பிடிப் படகின் அறை அவ்வளவு சிறியது. ஒருவன் காலை நீட்டினால் மற்றவன் மடக்கியாக வேண்டும்.

ஈனோக் மடிக்கணினியைத் திறந்தான். திரையில் பூமி உருண்டை சுழன்று வந்து கிரீன்லாந்தில் நின்றது. அவர்கள் மாட்டிக்கொண்டிருந்த குடா பெரிதாகி, அதன்மேல் சாட்டிலைட் போனில் அப்போதுதான் வந்திருந்த படம் போர்வை விரித்தாற்போல் கச்சிதமாகப் படிந்தது.

எங்கும் வெள்ளை, உறைந்த கடல். கறுப்பாக ஒரு கோடு தெரிந்தால் அது திறந்த கடல், வீட்டுக்குப் போகும் வழி. அப்படி எதுவும் இல்லை.

"வழி இல்லைன்னு சொல்லிடு, அடுப்பே."

வெளியே மூடுபனியில் படகின் மூக்குகூடத் தெரியவில்லை. அதைத் துளைத்துப் பார்க்கிற கண் வானத்துச் செயற்கைக்கோளுக்கு மட்டும்தான் இருந்தது. நவரானாவுக்கு ஊர்த் துறைமுகத்தில் வேலை. செயற்கைக்கோள் எடுக்கிற பிரம்மாண்டமான படத்திலிருந்து இந்தக் குடாவை மட்டும் வெட்டி, நான்கு மூலைக்கும் இடம் குறித்து, உருண்டையில் சரியாக உட்காரும்படி மாற்றி, தினமும் காலையில் அனுப்பிக்கொண்டிருந்தாள். போன் சார்ஜ் படத்துக்கே போதாது, வெட்டிப் பேச்சு வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள்.

பேச்சுக்கும் படகில் பஞ்சம்தான். போன வருஷம், மினிக்கின் பனிவண்டியை இழுக்கிற தலைமை நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிட்டது. ஈனோக் சுட்டுவிட்டான். குழந்தைகள் ஓடியாடுகிற ஊரில் அறுத்துக்கொண்ட நாயைச் சுடலாம், அது சட்டம். ஆனால் சுட்டவன் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றோடு மினிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஈனோக்கின் மாமனார் விட்டுப்போன படகு இருவருக்கும் பொது. இந்தப் பயணம் முடிந்ததும் அதை விற்றுவிட்டு, ஈனோக் குடும்பத்தோடு தலைநகருக்குப் போய்விடுவது என்று பேசி முடித்தாயிற்று. கடைசிப் பயணத்தில்தானா இப்படி வந்து சிக்க வேண்டும் என்று ஈனோக்குக்கு ஆத்திரமாக வந்தது. வெளியே பனி, உள்ளே இந்த மனுஷன்.

மறுநாளும் படம் வந்தது. மினிக் எட்டிப் பார்த்தான். படகைக் குறித்த சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் தூண்டில் முள்போல ஒரு சின்னக் கீறல்.

"இந்தக் கீறல் நேத்தும் இதே இடத்துலதான் இருந்துச்சு. பனி இப்படி இம்மிகூட அசையாமக் கிடந்து நான் பார்த்ததே இல்ல, அடுப்பே."

"கடல் பக்கமிருந்து காத்து அணைச்சுத் தள்ளுது, அதான்னு சொல்லு."

அன்று சாயங்காலம் மண்ணெண்ணெய் தீர்ந்து அடுப்பு அணைந்தது. இனி யாரைப் பார்த்துப் பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. குளிரில் பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னைக்கு உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன், மச்சான்" என்றான் ஈனோக். "கதவைத் தட்டக் கை வரல."

மினிக் அவன் பக்கம் திரும்பினான்.

"தெரியும். ஜன்னல் ஓரமா நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். இப்பத் தட்டுவே, இப்பத் தட்டுவேன்னு."

"நீயாவது திறந்திருக்கலாம்ல."

"திறந்திருக்கலாம்."

"அது குட்டியா இருந்தப்ப நானும்தானே மீன் ஊட்டினேன். எனக்கு மட்டும் வலிக்காதா?" என்று கேட்ட ஈனோக் குலுங்கி அழுதுவிட்டான். மினிக் தன் கம்பளியில் பாதியை இழுத்து அவன்மேல் போட்டான்.

"படகை விக்க வேணாம், மாப்பிள்ளை. நீயும் போயிட்டா இந்த வயசுல நான் புதுசா யார்கூடப் போய்ச் சண்டை போடறது?"

காலையில் படம் வருவதற்கு முன்பே ஈனோக் நவரானாவைக் கூப்பிட்டான்.

"சார்ஜ் போயிடும்னு சொன்னேன்ல, எதுக்குக் கூப்பிட்ட?" என்று அவள் கடிந்துகொண்டாள்.

"போனாப் போகட்டும். இந்தப் பனி எங்களை எப்ப விடுமோ, விடாமலே போகுமோ தெரியல. படகை விக்கலைன்னு உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடணும்னு தோணிச்சு."

"கண்ணீரும் கம்பலையுமா என்ன பேச்சு இது, பொண்ணு மாதிரி" என்று பின்னாலிருந்து சொல்லிவிட்டு மினிக் கடகடவென்று சிரித்தான்.

"யாரு சிரிக்கறது?"

"உன் அண்ணன்தான். இங்க வேற யாரு இருக்கா?"

"உன்கூடப் பேசறானா?"

"பேசறானாவா? நேத்து ஆரம்பிச்சவன் இன்னும் வாயை மூடல."

நவரானா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அப்ப இன்னிக்குப் புதுப் படத்தையே அனுப்பிடறேன். வழி திறந்து ரெண்டு நாளாச்சு."