பிளாஸ்டிக் மனிதனின் மூடி

மூன்று மணி நேரம் காத்திருந்து, டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். பையோடு எடுத்துவிட வேண்டும் என்கிறார். "உள்ள இருக்கறதை எடுத்துட்டா, அப்புறம் எப்படி டாக்டர்?" ஒரு வாரமாக என்னிடமும் இதையேதான் கேட்கிறாள், நானும் ஒரு வாரமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு எத்தனையாவது தடவையோ, டாக்டர் கொட்டாவியை விழுங்கியபடி மேசைமேல் நிற்கும் பிளாஸ்டிக் மனிதனின் மார்பு மூடியைக் கழற்றுகிறார். கல்லீரல், இரைப்பை, குடல் எல்லாம் மருந்துச் சீட்டுகள்மேல் பரவிக் கிடக்கின்றன, டியூப் லைட்டில் பளபளத்துக்கொண்டு. விளக்கி முடித்துத் திரும்ப அடுக்கினால் மூடி பொருந்த மாட்டேன் என்கிறது. உதவுகிறேன் பேர்வழி என்று நான் இரைப்பையைத் தலைகீழாகச் செருக, அது துள்ளி என் மடியிலேயே விழுகிறது. "ரெண்டு பேரும் கையை எடுங்க," என்கிறாள். ஊருக்குப் போகும்போது பெட்டி அடுக்குகிற அதே கைகள். குடலைத் திருப்பி, கல்லீரலைச் சாய்த்து வைத்து, மூடியை அழுத்துகிறாள். 'டக்'கென்று மூடிக்கொள்கிறது. டாக்டர் சீட்டுகளுக்கு அடியிலிருந்து பச்சையாக ஒரு சின்னப் பையை எடுத்து நீட்டுகிறார். "பித்தப்பையை விட்டுட்டீங்களேம்மா." அதை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறாள். மூடியைத் தடவிப் பார்க்கிறாள். "இது இல்லாமலே நல்லாத்தான மூடியிருக்கு," என்கிறாள் மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பி, "சரி, தேதியைக் கேளுங்க."