பின்னால பிரிச்சுக்கலாம்

காய்ச்சலில் கிடந்து எழுந்து குச்சியாக நின்ற தனபாக்கியம், எழுபது வயதில், தையல்காரரிடம் கூசாமல் சொன்னாள்: "ரவிக்கைக்கு உள்ள நல்லா துணி விட்டுத் தைங்க பாய். பின்னால உடம்பு வச்சா பிரிச்சுக்கலாம்." வளரும் பெண்பிள்ளைகளுக்குச் சொல்கிற பேச்சு அது. பாய் சிரிக்கவில்லை. இரண்டு விரற்கடை விட்டுக் கோடு போட்டார்.

கூட வந்திருந்த ஓரகத்தி கனகவல்லிக்கு வயிறு எரிந்தது. மாமியார் இவளுக்கு மட்டும் அட்டிகை போட்டபோதுகூட இப்படி எரிந்ததில்லை. சேர்ந்தாற்போல் கிழவியானவர்கள்தானே, இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்தப் 'பின்னால'?

வீட்டுக்கு வந்து தன் ரவிக்கைகளைப் புரட்டிப் பார்த்தாள். "இருக்கிற உடம்புக்குத் தைங்க, போதும்" என்று சொல்லிச் சொல்லியே, ஒன்றிலும் தையலுக்கு அப்பால் துணி இல்லை.

மறுநாள் தனியாகக் கடையேறினாள்.

"எப்பவும்போல அளவாத்தானேம்மா?"

"இல்ல. உள்ள துணி விடுங்க."

"எவ்வளவு விடட்டும்?"

கனகவல்லி தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவளுக்கு விட்டதுக்கு மேல ஒரு விரக்கடை."