அக்காவின் கை

படத்தில் இருப்பவர் சம்மதிக்காவிட்டால் செவ்வந்தியின் கத்தி வெட்டாது. அப்படித்தான் இப்போது படம் வெட்டும் எல்லாக் கத்திகளும். சிறுவர் கதை ஒன்றுக்குப் படத்துண்டுகளை வெட்டி ஒட்டிக் கொலாஜ் செய்துகொண்டிருந்தவளுக்கு மாவு பிசையும் கை தேவைப்பட்டது. பழைய குடும்பப் படத்தில் அக்கா பூங்கோதையின் கை சரியாக இருந்தது. ஆனால் அம்மா இறந்த அன்று சண்டை போட்ட அக்காவும் தங்கையும் பேசி ஆறு வருடமாயிற்று.

தயங்கித் தயங்கி அந்தக் கையைச் சுற்றிக் கோடு போட்டாள். சம்மதம் கேட்டு அக்காவுக்குக் கத்தியிலிருந்து தகவல் தானாகப் போய்விட்டது.

மதியம் அக்காவே போனில் கூப்பிட்டாள்.

“அது வேண்டாம்டி.”

செவ்வந்தி கத்தியைக் கீழே வைத்தாள்.

“அதுல விரலெல்லாம் குச்சியா இருக்கு. இப்ப சப்பாத்திக்குத்தான் பிசையறேன். படம் அனுப்பறேன், அதை வெட்டிக்கோ.”

“எத்தனை பேருக்குக்கா?”

“நீ வர்றதா இருந்தா, இன்னும் ஒரு டம்ளர் மாவு போடுறேன்.”