சட்டை மாற்றும் கிருமி

ஓர் உடம்பின் நுரையீரலில் நினைவு செல் ஒன்று காவல் இருந்தது. ஒரு தடவை பிடித்த கிருமியை அது லேசில் மறக்காது. அங்கே வந்த தடுப்பூசித் துளி, "அண்ணே, இந்த வருஷம் கிருமி இந்தச் சிவப்புச் சட்டையிலதான் வருவான். நல்லா பார்த்துக்குங்க" என்று ஒரு சட்டையை உதறிக் காட்டியது.

நினைவு செல்லுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன வருஷம் நீலச் சட்டையைக் காட்டினே. அவன் பச்சையில வந்தான். வாசல்ல நின்ன எதிர்ப்பொருள்கள் 'வாங்க சார், உட்காருங்க சார்'னு உள்ளே விட்டுச்சுங்க. நுரையீரல்ல பாதி வெந்து போச்சு! கடைசியில அவனோட கோணல் விலா எலும்பை வச்சு அடையாளம் பிடிச்சது நான். சட்டையை மாத்துறவன் எலும்பையுமா மாத்துவான்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாடா?"

துளி சட்டையை மடித்துக்கொண்டு போய்விட்டது.

அடுத்த வருஷம் அது ஒரு வெள்ளைச் சட்டையோடு ஒரு கோணல் எலும்பையும் கொண்டுவந்து எல்லாச் செல்களுக்கும் காட்டியது.

"இப்பத்தான் தோணுச்சாக்கும்!" என்று நினைவு செல் பொருமியது.

கிருமி மஞ்சள் சட்டையில் வந்தான். சட்டையை மட்டுமே பார்க்கத் தெரிந்த எதிர்ப்பொருள்கள், "வாங்க சார்" என்று வழிவிட்டன. உள்ளே நூறு செல்கள் எழுந்து நின்றன.

"சார், சட்டையைக் கொஞ்சம் தூக்குங்க" என்றது நினைவு செல்.